தகரச் சந்தில் தங்கிய செவ்வாய்க்கிழமை

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. ஒரு மின்னஞ்சல் கம்பெனியில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னவர் தகரச் சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் பார்வதி. அப்படி இரண்டு வாய் மாறி வந்ததால் எதை யார் சேர்த்தார்கள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டபடியே எழுதுகிறேன்.

மதுரைக்குத் தெற்கே, கரிசல் மண்ணில், தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் கடலைமிட்டாய்க் கடைகளுக்கும் நடுவே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மழையும் எப்போதாவதுதான் வரும், குழாயில் தண்ணீரும் எப்போதாவதுதான் வரும். அந்த ஊரில் தீப்பெட்டிச் சரக்கு அடுக்கிவைத்து, பிறகு மூடிப்போன ஒரு கிட்டங்கியின் மாடியில், கந்தக வாசனை சுவரைவிட்டுப் போகாத ஒரு கூடத்தில், பத்திருபது பேர் உட்கார்ந்து தமிழில் ஒரு மின்னஞ்சல் மென்பொருள் செய்தார்கள். அதில் பழைய கடிதங்களைத் தேடுவதற்கான பலகையை வடிவமைக்கும் பொறுப்பு செண்பகவல்லிக்கு. தீப்பெட்டி ஒட்டும் வெள்ளைத்தாயின் இரண்டாவது மகள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் எதையும் மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் கையைவிட்டு விடுவாள். அப்படிப்பட்டவள் கையிலிருந்துதான் ஒரு நாள் நழுவிப்போனது.

தேதி வைத்துத் தேடுவதற்கு அவள் இரண்டு கட்டங்கள் செய்திருந்தாள். ஒன்றின் மேல் 'இந்தத் தேதிக்கு முன்' என்று இருந்தது, மற்றதன் மேல் 'இந்தத் தேதிக்குப் பின்' என்று இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்று இரண்டு கட்டத்துக்குள்ளும் மாதிரிக்கு ஒரு தேதியைச் சாம்பல் நிறத்தில் வைத்தாள். மென்பொருள் வெளியான நாளையே வைத்தாள்: மார்ச் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. அவளுடைய அணித் தலைவர் ஜெபசிங் அதைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார்.

"முன், பின். ரெண்டே வார்த்தை. பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு?"

"அந்தத் தேதி அன்னைக்கு வந்த லெட்டர் வேணும்னா சார்?"

"முன்னாலயும் பாக்கலாம், பின்னாலயும் பாக்கலாம். நடுவுல என்னம்மா இருக்கு, ஒரு மயிரிழை."

மயிரிழை என்று அவர் சொன்னது ஒரு முழு நாள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசையில் மாதிரித் தேதியை மாற்றாமலே தேடினார்கள். பதினான்குக்கு முன் என்று தேடியவர்களுக்குப் பதின்மூன்றோடு கடிதங்கள் நின்றன. பதினான்குக்குப் பின் என்று தேடியவர்களுக்குப் பதினைந்திலிருந்து தொடங்கின. மற்ற நாட்களை யாராவது ஒருவர் எங்காவது சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் செவ்வாயை மட்டும் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. முன்னாலும் இடமில்லாமல், பின்னாலும் இடமில்லாமல், மழைக்கு ஒதுங்க இடம் கேட்டு அலையும் ஆட்டுக்குட்டியைப்போல அது தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் தன்னை வெளியே விட்டவள் குடியிருந்த தகரச் சந்துக்கே வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

சந்துக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தது காலண்டரை வைத்து அல்ல, தண்ணீரை வைத்து. அந்தச் செவ்வாய், சந்துக்குத் தண்ணீர் முறை. விடியக்காலம் குழாய் இருமிக் கனைத்துத் தண்ணீர் விட்டது, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் விடியக்காலமும் குழாய் இருமியது. எதிர்வீட்டுச் சண்முகத்தாய், சந்தில் பாதிப் பேருக்குச் சித்தி, மீதிப் பேருக்குச் சண்டைக்காரி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயையே உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, இது என்னட்டி கூத்து? நேத்துத்தான வந்துச்சு?"

"நேத்து எங்க வந்துச்சு சித்தி? இன்னைக்குத்தான செவ்வாக்கெழம" என்றாள் வெள்ளைத்தாய், சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு நின்றாள்.

வீட்டுக்குள் போய்க் காலண்டரில் தாளைக் கிழித்தாள். பதினான்கு போய்ப் பதினான்கு வந்தது. இன்னொன்றைக் கிழித்தாள். அதற்கடியிலும் பதினான்கு. மூத்த மருமகன் வேல்ச்சாமி சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன். அந்தக் காலண்டர் அவன் கொண்டுவந்து மாட்டியது. அன்று சாயங்காலம் அவன் வந்தபோது மாமியார் காலண்டரைக் கழற்றி அவன் முன்னால் போட்டாள்.

"என்ன மாப்ள அச்சடிச்சிருக்கீக? எல்லாத் தாளும் ஒரே தேதியா இருக்கு?"

"எத்தே, வெளிய வச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அவன் சந்து முனைக்குப் போய்ப் புரட்டிக் காட்டினான். அங்கே சித்திரை, வைகாசி எல்லாம் ஒழுங்காக இருந்தன. சந்துக்குள் ஓர் அடி எடுத்து வைத்ததும் எல்லாம் பதினான்காகிவிட்டன. "கோளாறு காலண்டர்ல இல்ல. ஒங்க சந்துலதான்."

இது தெரிந்ததும் சந்து பயப்படவில்லை. பயப்பட நேரமில்லை, தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விடியலிலும் தண்ணீர் வரும் சந்து அந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. மற்ற தெருக்காரர்கள் குடங்களோடு வந்தார்கள், சந்துக்காரர்கள் முதலில் பெருந்தன்மையாகக் கொடுத்தார்கள், பிறகு வரிசை போட்டுக் கொடுத்தார்கள், பிறகு உறவு கேட்டுக் கொடுத்தார்கள். எந்தக் காலத்திலும் செடி வைத்தறியாத வாசல்களில் துளசியும் கனகாம்பரமும் வந்தன. பெண்கள் தினமும் தலைக்குக் குளித்தார்கள். சண்முகத்தாய் தன் வாசலைக் கழுவிய தண்ணீர் மெயின் ரோடுவரை ஓடியதை, சொந்த ஆறு பார்ப்பதுபோல நின்று பார்த்தாள்.

ஆனால் செவ்வாய் செவ்வாய்தான். அது தன் குணத்தோடுதான் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கறி எடுக்காத வீடுகள் அதிகம் என்பதால் சந்தில் கறி வாசனையே அற்றுப்போனது, ஆண்கள் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், நாய்கள் எலும்பு தேடி மெயின் ரோட்டுக்குக் குடிபோயின. செவ்வாய்தோறும் ஸலூனை மூடும் முருகையா, பூட்டிய கடைக்கு முன்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சந்து முனைக் கால்வாய்க்கு அந்தப்பக்கம் போட்டு, தானும் அந்தப்பக்கம் நின்று வெட்டினார். தூறல் போட்டால் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டியிருக்கும், அப்போது பிடரிப் பக்கம் மட்டும் செவ்வாய்க்குள் போய்விடும், கத்தரியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு மழை விடும்வரை காத்திருப்பார். மாரியம்மன் கோயிலில் தினமும் செவ்வாய்ப் பூஜை நடந்தது. பூசாரிக்குக் குரல் கட்டிப்போனது. சந்துப் பிள்ளைகள் சுண்டலைக் கண்டாலே ஓடி ஒளிந்தார்கள்.

மாவு புளிக்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் ஆட்டி வைத்த இட்லிமாவு புளிப்பதற்கு ஒரு புதன்கிழமை விடியல் வேண்டும், அது சந்தில் இல்லை. ஆகவே பெண்கள் மாவுச் சட்டிகளைத் துணிகட்டிப் பார்வதியின் டீக்கடையில் இரவு முழுதும் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் போனார்கள். பார்வதி சட்டிக்கு ஒரு கரண்டி மாவு எடுத்துக்கொண்டாள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

செண்பகவல்லி காலையில் சந்தைவிட்டு இறங்கும்போது வெளியே அந்தந்த நாள் நடந்துகொண்டிருக்கும், வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தால் செவ்வாய். இரண்டும் அவளுக்குப் பழகிவிட்டன. ஏன் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. அம்மா நடுச்சாமத்தில் எழுந்து குழாயடியில் குடத்தை வரிசை போடாமல் தூங்குவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள், அதற்குக் காரணம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அக்கா முத்துச்செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கனிஷ்கா என்று பெயர் வைத்த பெண்குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, அந்தப் புதன்கிழமை தாயும் பிள்ளையும் வேல்ச்சாமி வீட்டுக்குப் புறப்படுவதாக இருந்தது. செவ்வாய், வெள்ளியில் பெண்ணைப் பிறந்தவீட்டிலிருந்து அனுப்பும் வழக்கம் கிடையாது. வேல்ச்சாமி வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், மகளைத் தூக்கிக் கொஞ்சுவான், மாமியார் முகத்தைப் பார்ப்பான்.

"எத்தே, நாளைக்கு அனுப்பிருவீகளா?"

"நாளைக்குப் புதன்தான, கூட்டிட்டுப் போங்க."

"ஒங்க நாளைக்கு எப்பத்தான் வரும்?"

"நான் என்ன செய்ய? வரலயே" என்பாள் வெள்ளைத்தாய், குரலில் வருத்தம் குறைவாகவே இருக்கும். மகள் கூடவே இருக்கிறாள், பேத்தி கூடவே இருக்கிறாள், குழாயில் தண்ணீர் இருக்கிறது.

"பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேல்ச்சாமி பைக்கை உதைப்பான். முதலில் அது சந்துக்கே ஒரு வேடிக்கையாக இருந்தது.

வேடிக்கை முடிந்தது பார்வதி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று. பார்வதியும் முத்துச்செல்வியும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டிலில் பெற்றவர்கள். பார்வதியின் மகன் நவநீதன் சந்துக்கு வெளியே, மெயின் ரோட்டில், எல்லா நாட்களும் வந்துபோகும் இடத்தில் வளர்ந்தவன். அவனைக் கனிஷ்காவுக்குப் பக்கத்தில் பாயில் விட்டாள் பார்வதி. அவன் மண்டிபோட்டுத் தவழ்ந்து போய் வாசற்படியில் கிடந்த செருப்பை எடுத்து வாயில் வைத்தான். கனிஷ்கா மல்லாந்து கிடந்தாள். ஒரு காலைத் தூக்கி மறு காலுக்கு மேல் போட்டு, ஒரு தோளைத் தரையைவிட்டுத் தூக்கி, முகம் சிவக்க உந்தி, ஒருக்களித்து நின்று, அப்படியே மல்லாந்து விழுந்தாள். மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அவள் முதன்முதலில் அப்படித் தோளைத் தூக்கினாள், நாளைக்குக் குப்புற விழுந்துவிடுவாள், கொழுக்கட்டை அவிக்கணும் என்று வெள்ளைத்தாய் அரிசிமாவு இடித்து வைத்திருந்தாள்.

பார்வதி மகன் வாயிலிருந்து செருப்பைப் பிடுங்கவும் மறந்து நின்றாள்.

"எப்பப் பாத்தாலும் இதத்தான் செய்தா" என்றாள் முத்துச்செல்வி மெதுவாக. "நான் நேத்துத்தான் ஆரம்பிச்சான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அன்றே வழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆனால் பெரியவர்கள் எல்லோரும் அந்தச் செவ்வாய்க்கு முன்னால் எத்தனையோ நாட்களைப் பார்த்தவர்கள், பிறகும் வெளியே போய்ப் பல நாட்களைச் சேர்த்துக்கொண்டவர்கள். மூன்றே மாதம் பார்த்து, அதன்பிறகு வாசல் தாண்டாத அந்தப் பச்சைப்பிள்ளைக்குள் அந்தச் செவ்வாயைத்தவிர வேறு நாள் இறங்கவே இல்லை. அவள் போன இடமெல்லாம் செவ்வாயும் கூடவே போனது. ஆஸ்பத்திரிக் கூடத்துக் காலண்டர் பதினான்காகியது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்குப் பிள்ளைக டாக்டர் கெடையாதும்மா, அவங்க புதன்கிழமதான் வருவாங்க. நாளைக்கு வாங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில் செண்பகவல்லி குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். தான் பல மாதமாகக் கேட்காமல் விட்ட கேள்வியை அப்போதுதான் கேட்டாள்: எந்த நாள் இது, ஏன் எங்கள் சந்துக்கு வந்தது? கேட்டதும் பதில் கிடைத்துவிட்டது. பதினான்காம் தேதிக் கடிதத்தைக் காணோம் என்று ஆபீசுக்கு வந்துகொண்டிருந்த புகார்கள் நினைவுக்கு வந்தன. வேலைக்கு ஆர்டர் வந்த கடிதம், வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய போட்டோ, ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்ட கடிதம். 'முன்னும் இல்லை பின்னும் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். சாம்பல் நிறத்தில் தான் வைத்த தேதி கண்முன் வந்தது. நடுரோட்டில் நின்று, "அக்கா, இது நான் வெளிய விட்டதுக்கா. நானே உள்ள விட்டுர்றேன்" என்றாள். முத்துச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் தங்கையின் குரலில் நடுக்கம் இல்லாததைக் கவனித்துக்கொண்டாள்.

ஜெபசிங் மறுக்கவில்லை, முணுமுணுத்தார். முன், பின் வேண்டாமென்றால் 'முதல்', 'வரை' என்று போடு, முடிந்தது என்றார். செண்பகவல்லிக்கு 'வரை' என்ற சொல்மேல் சந்தேகம் வந்தது. அன்று சாயங்காலம் குழாயடியில் கேட்டாள்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் லீவுன்னு சொன்னா, வெள்ளிக்கிழம லீவா, வேலையா?"

"லீவுதான்" என்றாள் வெள்ளைத்தாய். "ஆனா எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல போகலைன்னா ஏசுவாக."

"சாத்தூர் வரைக்கும் போற பஸ்ஸு சாத்தூருக்குள்ள போகாம வெளியவா எறக்கி விடுவான்? போகும்ல? அப்ப லீவுதான்" என்றார் முருகையா.

"அப்படிச் சொல்லாதிய" என்று சண்முகத்தாய் குடத்தை இறக்கினாள். "எங்கண்ணன் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான்னா என்ன அர்த்தம்? உள்ள வரலன்னு அர்த்தம். சோறு திங்கலன்னு அர்த்தம். இன்னைக்கும் அவன்கூட நான் பேசுறதில்ல."

"கழுத்து வரைக்கும் தண்ணின்னா கழுத்து நனையுமா, நனையாதா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"நீ மொதல்ல கழுத்தக் கழுவு, அப்புறம் பேசு" என்றாள் சண்முகத்தாய்.

சண்டை இருட்டும்வரை நடந்தது. இருட்டும்போதா, இருட்டுவதற்கு முன்பா என்று இன்னொரு சண்டையும் நடந்தது. இருந்தாலும் மறுநாள் ஆபீசில் ஜெபசிங் சொன்னபடி அவள் தன் கணினியில் மட்டும் 'வரை' என்று மாற்றிப் பார்த்தாள். அன்று செவ்வாய்க்கிழமை கிளம்பியது. கிளம்பிச் சந்து முனைவரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. புதன்கிழமையும் வந்தது. வந்து, சந்து முனைவரை வந்து, அதுவும் நின்றுவிட்டது. இரண்டு நாட்களும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் டீக்கடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றதில், பார்வதி வைத்திருந்த மாவுச் சட்டிகள் ஒரு பக்கம் பொங்கி மறு பக்கம் அப்படியே கிடந்தன. குழாய் காற்றையும் விடவில்லை, தண்ணீரையும் விடவில்லை. கனிஷ்கா தோளைத் தூக்கியவள் விழவும் இல்லை, திரும்பவும் இல்லை, ஒருக்களித்தபடியே கிடந்து வீறிட்டாள். ஆபீசில் இருந்த செண்பகவல்லிக்குப் போன் வந்தது, அவள் பதறி அந்தச் சொல்லை அழித்தாள்.

அதற்குள் செய்தி சந்து முழுக்கப் பரவியிருந்தது. அவள் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம்.

"ஏத்தா, நீ எழுதுன ஒரு வார்த்தைக்குக் கொழாய் நின்னு போச்சாமே?" என்றாள் சண்முகத்தாய்.

"நிக்கத்தான் போகுது சித்தி. இந்தச் செவ்வாயத் திருப்பி அனுப்பப் போறேன்."

"எங்களயெல்லாம் கேட்டியா? படிச்ச பிள்ளைன்னா ஒன் இஷ்டமா? மறுபடி கொடத்தத் தூக்கிட்டு நடுச்சாமத்துல நிக்கச் சொல்லுதியா?"

பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். செண்பகவல்லி உள்ளே போய்ப் பாயோடு குழந்தையைத் தூக்கிவந்து வாசலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், இறக்கி வைத்தாள். கனிஷ்கா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தன் வேலையைத் தொடங்கினாள். காலைத் தூக்கி, தோளைத் தூக்கி, முகம் சிவக்க உந்தி, மல்லாந்து விழுந்தாள். கூட்டம் பார்த்தது. மறுபடி உந்தினாள். "விழு, விழு, விழு தாயி" என்று பின்னாலிருந்து ஒருத்தி அறியாமல் சொல்லிவிட்டாள். குழந்தை மல்லாந்து விழுந்தது. முருகையா தலையைத் திருப்பிக்கொண்டார்.

சண்முகத்தாய் பாயோரம் குத்தவைத்து உட்கார்ந்து, அடுத்த தடவைக்கும் அதற்கடுத்த தடவைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை உதறி எழுந்தாள்.

"தண்ணி இல்லாம இருந்து எனக்குப் பழக்கம்தான். கெடந்த கெடையா கெடந்து இந்தப் பிள்ளைக்குப் பழகிரக் கூடாது. நீ அனுப்பு. ஆனா நாளைக்கு விடியட்டும், பிடிக்கிற மட்டும் பிடிச்சுக்கிடுதோம்."

மறுநாள் விடிந்த செவ்வாயில் தகரச் சந்து பிடித்த தண்ணீரைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள். குடம், அண்டா, வாளி, தூக்குச்சட்டி, சோற்றுப்பானை, பால்செம்பு, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில், ஸலூன் தண்ணீர்ப் பீச்சி, கோயில் தீர்த்தச் சொம்பு எல்லாம் நிரம்பின. நிரப்ப எதுவும் இல்லாதபோது மறுபடி ஒரு தடவை எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள். செண்பகவல்லி மட்டும் என்ன சொல்லைப் போடுவது என்று தெரியாமல் ஈரத் தலையோடு அடுப்பங்கரையில் நின்றாள். வெள்ளைத்தாய் உலை வைக்க அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, ராத்திரிக்கு ஒங்க அத்தானையும் சேத்து எத்தன பேரு?"

"அத்தானையும் சேத்தா…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பந்தியிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஆள் எண்ணும்போது அந்த ஊரில் யாரும் சேர்த்தா, சேர்க்காமலா என்று சொல்லாமல் எண்ணியதே இல்லை. உன்னையும் சேத்தா? கைப்பிள்ளையச் சேக்காமயா? டிரைவரையும் சேத்துத்தான? ஒருத்தருக்கு இலை இல்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, தெரிந்ததையே திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தேதிக்கு மட்டும் அவள் கேட்காமல் விட்டிருந்தாள்.

"எம்மா, என் சோத்த மூடி வையி" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள்.

இரண்டு கட்டங்களின் கீழும் அவள் ஒரே வரியை எழுதினாள்: 'அந்த நாளும் சேர்த்து.' தேதியைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் கிழமையும் தெரியும்படி செய்தாள். ஒரு நாளை மட்டும் தேட விரும்புகிறவர்களுக்கு 'அந்த நாள் மட்டும்' என்று தனியாக ஒரு பொத்தான் வைத்தாள். மாதிரித் தேதியை எடுத்துவிட்டாள். ஜெபசிங் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டத்துக்குக் கீழ இத்தன எழுத்தா? பாக்க நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்ல சார்" என்றாள் செண்பகவல்லி. "ஆனா யாரும் வெளிய நிக்க மாட்டாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

மதியத்துக்குமேல் ஊர் ஊராக ஆட்கள் அந்தத் தேதியைப் போட்டுத் தேடத் தொடங்கினார்கள். வேலை ஆர்டர் கிடைத்தது, தம்பியின் போட்டோ கிடைத்தது, நடந்து முடிந்த கல்யாணத்தின் அழைப்பும் கிடைத்தது. ஒவ்வொருவரும் சேர்த்துக்கொள்ளச் சேர்த்துக்கொள்ள, தகரச் சந்தில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. செவ்வாய்க்கிழமை அவசரப்படாமல், விருந்துக்கு வந்து தங்கியவர் மூட்டை கட்டுவதுபோல, துளசிச் செடிகளையும் கழுவிய வாசல்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, டீக்கடையைத் தாண்டிப் போனது. பார்வதி அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். எப்படி இருந்தது என்று கேட்டால், "செவ்வாக்கெழம மாதிரித்தான் இருந்துச்சு" என்கிறாள்.

மறுநாள் விடியக்காலம் வெள்ளைத்தாயை எழுப்பியது குழாய் அல்ல. டீக்கடைக்குக் கொண்டுபோகாமல் அடுப்பங்கரையிலேயே வைத்த மாவு பொங்கிச் சட்டியைவிட்டு வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் புளிப்பு வாசனையை மூச்சு நிறைய இழுத்தாள். குழாயில் வெறும் காற்று வந்தது. முருகையா ஸலூன் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. காலண்டரில் தாளைக் கிழித்தாள். வெளியே அப்போது எந்த மாதமோ அந்த மாதத்துப் புதன்கிழமை அதில் இருந்தது.

"எம்மா!" என்று முத்துச்செல்வி அலறினாள்.

கனிஷ்கா குப்புறக் கிடந்தாள். ஒரு கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, தலை தூக்கமுடியாமல் ஆடியது, உலகம் திடீரென்று வேறுபக்கமாகத் தெரிந்ததில் அவளுக்குக் கோபம் வந்து அழுதுகொண்டிருந்தாள். செண்பகவல்லி தரையோடு தரையாகப் படுத்து அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, மாட்டிக்கொண்ட கையை மெல்ல எடுத்துவிட்டாள். சண்முகத்தாய் கேட்காமலே உள்ளே வந்து, கேட்காமலே அண்டாத் தண்ணீரை மொண்டு, கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தாள். சந்து முழுக்கக் கொடுத்தார்கள். அன்று மதியம், புதன்கிழமை நல்ல நேரத்தில், வெள்ளைத்தாய் அழுதுகொண்டே மகளையும் பேத்தியையும் வேல்ச்சாமியோடு அனுப்பி வைத்தாள். சந்து முனைவரை அல்ல, பஸ் ஏறும்வரை கூடப் போனாள், பஸ்ஸிலும் ஏறினாள், வேல்ச்சாமி வீட்டு வாசற்படியையும் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஆறியது.

இதை எழுதுவதற்கு முன்னால் நானும் ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். தகரச் சந்தில் துளசி இருக்கிறது, தண்ணீர் பழையபடி எப்போதாவதுதான் வருகிறது. கனிஷ்காவும் நவநீதனும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அவளுக்கு இன்னும் ஆடக்கூட இல்லை என்று பார்வதி சொன்னாள். பல் விழுவது குழந்தைக்குக் குழந்தை முன்பின் இருக்கும் என்பதால் அதை நான் சாட்சியாக வைக்கவில்லை. அந்த மென்பொருளை மட்டும் நானே திறந்து பார்த்தேன். இரண்டு கட்டங்களின் கீழும் அந்த வரி இருக்கிறது: 'அந்த நாளும் சேர்த்து.' கட்டங்களுக்குள் மாதிரிக்குக்கூட எந்த நாளையும் வைக்கவில்லை.